எத்தால், நிஸ்நெவிச், படிகம்: இந்தப் பேரெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?

நெல்வேலிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேட்டைப் பக்கம் ஊர். இப்போ வடக்கே இயற்கணித வடிவியல்ல ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன். பிசான நடவுக்கு ஊருக்கு வந்திருந்தப்போ வரப்புல உக்காந்து அப்பா கேட்டாங்க: "நாலு வருசமா என்னமோ படிக்கியே, அதுக்குப் பேரு என்னம்மா?"

"எத்தால் கோஹோமாலஜிப்பா."

"எத்தால்னா?"

எனக்குச் சொல்லத் தெரியல. வரையறை தெரியும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிருவேன். ஆனா அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், யாரு வச்சா, எதைப் பார்த்து வச்சான்னு நாலு வருசத்துல ஒருநாள்கூட நான் கேட்டதில்ல. அப்பா நாத்துக்கட்டைத் தூக்கிட்டு வயல்ல இறங்கிட்டாங்க. எனக்குத்தான் அன்னைலேருந்து உறுத்திக்கிட்டே இருக்கு.

அடுத்த மாசம் பாளையங்கோட்டையில பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ்ல ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்காங்க. இந்தப் பேர்களை வச்சே பேசலாம்னு நினைக்கேன். சாரிஸ்கி, எத்தால், நிஸ்நெவிச், எஃப்.பி.பி.எஃப்., படிக இடவியல், சின்டோமிக்... தெரிஞ்சவங்க தெரிஞ்சதைச் சொல்லுங்க. இதையெல்லாம் தமிழ்ல எப்படிச் சொல்லலாம்னும் சொல்லுங்க.

கணிதம் பக்கம் வராதவங்களுக்கு: ஒரு இடத்துல எது எதுக்குப் 'பக்கம்'னு முடிவு பண்ற ஏற்பாட்டுக்குத்தான் டோபாலஜி, இடவியல்னு பேர். அதை வச்சு ஒரு உருவத்துல இருக்கிற ஓட்டைகளை இயற்கணிதத்தால அளக்குற முறைதான் கோஹோமாலஜி. பல்லுறுப்புச் சமன்பாடுகளோட தீர்வுகளால ஆன உருவங்களுக்கு எந்த இடவியல் பொருந்தும்ங்கிறதுல ஒரு நூற்றாண்டா வேலை நடந்திருக்கு. ஒவ்வொரு வேலைக்கும் ஒண்ணு தேவைப்பட்டுச்சு. அதான் இத்தனை பேர்.

கல்லிடை வாத்தியார்

அம்மா, சாரிஸ்கியிலிருந்து தொடங்குங்கள். ஏனென்றால் அந்தப் பேரே மாற்றி வைத்த பேர்.

1899-ல் கோப்ரின் என்ற ஊரில் பிறந்தவர். அன்றைக்கு அது ரஷ்யப் பேரரசு, இன்றைக்கு பெலாரஸ். பிறந்தபோது வைத்த பேர் ஆஷர் சாரிட்ஸ்கி. 1921-ல் ரோமுக்குப் படிக்கப் போனார். அங்கே காஸ்தெல்னுவோவோ, என்ரிக்வெஸ், செவேரி என்று இத்தாலிய வடிவியலின் மூன்று பெரிய தலைகள். இத்தாலியக் காதுக்குப் பழகும்படி பேரை மாற்றிக்கொள் என்று சொன்னவர் என்ரிக்வெஸ். அப்படித்தான் ஆஸ்கர் சாரிஸ்கி ஆனார். 1927-ல் அமெரிக்கா போனார், 1947 முதல் ஹார்வர்டு. 1986-ல் மறைந்தார். நம் ஊர்ப் பேரையும் வெள்ளைக்காரன் தன் வாய்க்கு ஏற்ப 'டின்னவெல்லி' ஆக்கி ஆவணத்தில் ஏற்றினானே, அதுபோலத்தான். ஒரு வித்தியாசம்: நாம் திரும்ப வாங்கிக்கொண்டோம், அவர் அந்தப் பேரிலேயே வாழ்ந்து முடித்தார். இன்று உலகத்தில் உள்ள ஒவ்வொரு இயற்கணித வடிவியல் வகுப்பிலும் முதல் வாரத்தில் கரும்பலகையில் எழுதப்படுவது ரோமில் வைத்த அந்தப் பேர்தான்.

அவர் அந்த இடவியலைக் கொண்டுவந்தது 1944-ல், மதிப்பீட்டு வளையங்கள் என்ற பொருட்களைத் திரட்டி ஓர் இடமாக்கும்போது. ரோமில் கற்ற பல நிரூபணங்களை 1935-ல் நூலாகத் தொகுத்தபோது ஓட்டைகளைக் கண்டார். அதன்பின் எல்லாவற்றையும் இயற்கணிதத்தின் மேல் மறுபடி கட்டத் தொடங்கினார். அந்தக் கட்டுமானத்தின் ஒரு கல் இது. அவருக்கு முன்பே 1937-ல் மார்ஷல் ஸ்டோன் பூலியன் வளையங்களுக்கு இதே பாணியில் இடவியல் அமைத்துவிட்டார் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பேர் ஒருவருக்குப் போய்ச் சேரும். வழி பலர் நடந்த வழியாக இருக்கும்.

குறுக்குத்துறை

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. பிள்ளைகளுக்காக ஒரே ஒரு விசயம் சேக்கேன். சாரிஸ்கி இடவியல்ல ஒரு கோட்டை எடுத்துக்கிட்டா, மூடிய கணம்னா முழுக் கோடு, இல்லன்னா எண்ணிக்கையில அடங்குற சில புள்ளிகள். அவ்வளவுதான். அதனால திறந்த கணம் ஒவ்வொண்ணும் பிரமாண்டமா இருக்கும். எந்த ரெண்டை எடுத்தாலும் ஒண்ணோட ஒண்ணு வெட்டும். 'பக்கத்து வீடு'ன்னு சொன்னா ரெண்டு மூணு வீடு நீங்கலா ஊரு மொத்தமும் பக்கத்து வீடு.

இதுல என்ன சிக்கல்? பூச்சியத்தை விட்டுட்டு மத்த சிக்கலெண்களை எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வர்க்கமூலம் உண்டு. எல்லாத்துக்கும் ஒவ்வொரு மூலமா, ஒழுங்கா, ஒரு வாய்ப்பாட்டால தேர்ந்தெடுக்க முடியுமா? சாதாரண இடவியல்ல சின்ன வட்டத்துக்குள்ள முடியும். சாரிஸ்கியில முடியவே முடியாது, இருக்கிற திறந்த கணம் எல்லாம் அவ்வளவு பெருசு. வேற வழி தேட வேண்டியதாச்சு. இடத்தைச் சின்னதா வெட்டுறதுக்குப் பதிலா, அதுக்கு மேல இன்னொரு இடத்தை விரிச்சு அங்கே போய் மூலத்தை எடுத்துக்கலாம்னு க்ரோதண்டிக்ங்கிற கணித மேதை சொன்னாரு. மேலே இருக்கிற எண்ணே கீழே இருக்கிற எண்ணோட வர்க்கமூலம். அந்த மேல்விரிப்புக்குத்தான் எத்தால்னு பேர்.

தேரிக்காடு

நான் கணக்கு ஆள் இல்ல, உடன்குடிப் பக்கம். ஆனா பிரெஞ்சு அகராதி பாத்தேன். 'எத்தாலே'ன்னா விரிச்சுப் போட்டது, பரப்பி வச்சதுன்னு இருக்கு. களத்துல நெல்லை விரிக்கமே, அது மாதிரி. குறுக்குத்துறையும் 'மேல்விரிப்பு'ன்னுதானே சொல்லுதாவ. அப்போ சரியா வருதுல்லா?

தென்பொருநை

தேரிக்காடு அண்ணாச்சி, உங்களுக்கு வந்த மயக்கம் பெரிய பேராசிரியர்களுக்கும் வந்ததுதான். ரெண்டும் வேற வேற சொல். நான் பாளையில பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கேன், அதனால இதை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லுதேன்.

'எத்தாலே' என்பது 'விரி' என்ற வினையிலிருந்து பிறந்த எச்சம், 'விரித்த' என்று பொருள். கற்றைக் கோட்பாடுங்கிற கணிதப் பிரிவுல 'எத்தாலே வெளி'ன்னு ஒண்ணு உண்டு, கோதமோன்ங்கிற பிரெஞ்சுக் கணிதர் 1958-ல வந்த தன்னோட நூல்ல அதைத்தான் சொல்லுறாரு. அங்கே நீங்க சொன்ன நெல் விரிக்கிற பொருள் சரியா உக்காரும்.

க்ரோதண்டிக் எடுத்தது கடைசி 'ஏ' இல்லாத 'எத்தால்'. அது எச்சம் இல்ல, தனிப் பெயரடை. பெரும்பாலும் கடலுக்குத்தான் சொல்லுவாங்க. கடல் ஏறுறது நின்னு, இறங்க இன்னும் ஆரம்பிக்காத நேரம் இருக்கே, அப்போ கடல் 'எத்தால்'. ஏற்றத்தின் உச்சியிலயும் வரும், வற்றத்தின் அடியிலயும் வரும். மம்ஃபோர்டுங்கிற கணிதப் பேராசிரியர்கூடத் தன் பாடக்குறிப்புல, பௌர்ணமி ராத்திரி ஏற்றத்தப்போ குறிப்பிட்ட சில வானிலையில கடல் இருக்கிற தோற்றத்தை இந்தச் சொல் குறிக்குது போலன்னு எழுதி வச்சிருக்காரு.

உச்சரிப்பு பத்தி ஒரு வார்த்தை. ஆங்கிலத்துல படிச்சவங்க 'எட்டேல்', 'ஈட்டேல்'னு சொல்லிக் கேட்டிருக்கேன். பிரெஞ்சு 'த' நம்ம தகரம் மாதிரி பல்லுல நாக்கு பட்டு வரும். தமிழ்ல 'எத்தால்'னு எழுதினா பிரெஞ்சுக்காரங்க சொல்றதுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துரும். ஆங்கில எழுத்துல வராத அந்த ஓசை நமக்கு வந்துரும்.

நெல்வேலிக்காரி

தென்பொருநை அக்கா, இதைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. நாலு வருசமா நானும் 'விரித்த'ன்னுதான் மனசுல வச்சிருந்தேன். அசையாத கடல்னு யாரும் எனக்குச் சொன்னதே இல்ல.

இப்போ வரையறையைத் திருப்பிப் பாருங்க. எத்தால்னா ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, பிளாட், அதாவது சமதளம்: கீழே புள்ளி நகர நகர மேலே இருக்கிறது திடீர்னு வீங்கவோ சுருங்கவோ கூடாது. ரெண்டு, கிளை ஒட்டக்கூடாது. வர்க்கமூலத்தையே எடுத்துக்கோங்க. பூச்சியம் தவிர எல்லா எண்ணுக்கும் மேல சரியா ரெண்டு புள்ளி. பூச்சியத்துக்கிட்ட போகப்போக ரெண்டும் நெருங்கி, பூச்சியத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிருது. அங்கே மட்டும் எத்தால் இல்ல. மத்த எல்லா இடத்துலயும் மேல்தளம் கீழ்த்தளத்துக்கு மேல அலை இல்லாம, மடிப்பு இல்லாம, அப்படியே படிஞ்சு கிடக்கு.

யாராவது கடல்புறத்துலேருந்து இருந்தா சொல்லுங்க, அந்த நேரத்துக்கு நம்ம பக்கம் என்ன சொல்லுவாங்க?

உவரிக்காரன்

தங்கச்சி, நான் உவரி. எங்கய்யா அம்பது வருசம் கடல்ல கிடந்த மனுசன். இந்த இழையை உரக்க வாசிச்சுக் காட்டி அவங்ககிட்டயே கேட்டேன்.

பெரிய பேரு ஒண்ணும் இல்லையாம். "தண்ணி நிக்கு"ம்பாங்களாம். அவ்வளவுதான். ஏற்றம் முடிஞ்சு தண்ணி நிக்கு, வற்றம் முடிஞ்சு தண்ணி நிக்கு. நம்ம கரையில ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் உள்ளதான், கரையில நிக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. கடல்ல வலை போட்டுட்டு உக்காந்தவனுக்குத் தெரியும். அதுவரைக்கும் வலையை ஒரு பக்கமா இழுத்துட்டே இருந்த தண்ணி விட்டுரும். மிதப்பெல்லாம் வரிசை கலைஞ்சு போட்ட இடத்துலயே கிடக்கும். கயிறு தொய்யும். எங்கய்யா கையைத் தண்ணியில வச்சுப் பாத்துட்டு "நின்னுட்டுல"ம்பாங்க. கொஞ்ச நேரத்துல மறுபக்கம் இழுக்க ஆரம்பிச்சிரும்.

அந்த மம்ஃபோர்டு ஐயா பௌர்ணமின்னு சொன்னதுக்கு எங்கய்யா ஒண்ணு சொன்னாங்க: பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் தண்ணி வேகம் கூடுதல், அதனால நிக்கிற நேரம் குறைச்சல். அட்டமி நவமியிலதான் சாவகாசமா நிக்குமாம்.

கல்லிடை வாத்தியார்

உவரிக்காரரே, உங்கள் தகப்பனாருக்கு என் வணக்கம் சொல்லுங்கள். 'ஓதம்' என்று இலக்கியத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கயிறு தொய்வதை இன்றைக்குத்தான் கேட்டேன்.

தேரிக்காடு

தென்பொருநை, திருத்தினதுக்கு நன்றி. நான் சொன்னது தப்புதான்.

படிக இடவியல்னு முதல் பதிவுல இருக்கே, அது நம்ம படிகம்தானா? கற்கண்டு மாதிரி? அப்படின்னா எனக்கு அதுல பேசுறதுக்கு விசயம் இருக்கு. எங்க தாத்தா பனையேறி. எங்க விடிலியில கருப்பட்டியும் காய்ச்சுவாவ, பனங்கற்கண்டும் போடுவாவ.

குறுக்குத்துறை

அதே படிகம்தான் அண்ணாச்சி, அதே கற்கண்டுதான். 1966 மே மாசம் க்ரோதண்டிக், டேட் என்ற கணித மேதைக்கு எழுதின கடிதத்துல அந்தப் பேர் வருது. படிகத்துக்கு ரெண்டு குணம்னு சொல்லுதாரு: ஒண்ணு விறைப்பு, இன்னொண்ணு தகுந்த சூழல் கிடைச்சா வளர்ற தன்மை. சோடாப் படிகம் உண்டு, கந்தகப் படிகம் உண்டு, அதுபோல மாட்யூல், வளையம்ங்கிற கணிதப் பொருட்களுக்கும் படிகம் உண்டுன்னு வரிசையா அடுக்கிக்கிட்டே போறாரு. பேர் வச்சவரே காரணத்தையும் எழுதி வச்சது அபூர்வம்.

எதுக்கு இது தேவைப்பட்டுச்சு? ஒரு பகா எண்ணை வச்சுக் கணக்குப் போடுற உலகம் இருக்கு, அங்கே 5-ஐப் பூச்சியமா வச்சுக்கிட்டா எல்லாக் கூட்டலும் அஞ்சுக்குள்ள சுத்தி வரும். எத்தால் முறை அந்த உலகத்துல அருமையா வேலை செய்யும், ஆனா அந்த 5 என்ற எண்ணுக்கே உரிய தகவலை மட்டும் நழுவ விட்டுரும். அதைப் பிடிக்கத்தான் படிகம். உருவத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு தடிப்பு ஏத்துவாங்க, 5-லேருந்து 25, 125-ன்னு. உள்ளே இருக்கிற பொருள் அந்தத் தடிப்புக்குள்ள தானா வளரணும், எப்படி வளந்தாலும் ஒரே மாதிரிதான் வளரணும். வளர்ச்சி, விறைப்பு, ரெண்டும் வந்திருச்சா? பியேர் பெர்த்தலோ இதை முழுக் கோட்பாடா எழுதி 1974-ல வெளியிட்டாரு.

நீங்க கற்கண்டு போடுற விதத்தைச் சொல்லுங்க.

தேரிக்காடு

சொல்லுதேன். பதநீர் புளிச்சிராம இருக்கக் கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருப்பாவ. அதை விடிலிக்குக் கொண்டாந்து காய்ச்சும்போது கருப்பட்டிக்குன்னா பாகு இறுகுற வரைக்கும் விடணும். கற்கண்டுக்கு அதுக்கு முந்தின பதத்துலயே இறக்கிரணும். இந்தப் பதம் எங்க ஆச்சிக்கு மட்டும்தான் தெரியும், அகப்பையைத் தூக்கி வடிய விட்டுப் பாப்பாவ. அப்புறம் பானையில ஊத்தி, உள்ளே நூல் தொங்கவிட்டு, மூடி வச்சிருவாவ. ஒரு மாசத்துக்கு மேல ஆட்டவோ அசைக்கவோ கூடாது. பக்கத்துல ஓடினாக்கூட எங்களை அதட்டுவாவ.

திறந்து பாத்தா நூலைப் பிடிச்சு முழிமுழியா நிக்கும். சின்னதும் பெருசுமா இருக்கும், ஆனா எல்லாத்துக்கும் ஒரே சாய்வு, ஒரே முனை. யாரும் செதுக்கல. நூலு இருக்கு, பாகு இருக்கு, மீதியை அதுவே பாத்துக்கிட்டு.

அந்தக் கடிதம் எழுதின ஐயா கண்ணால பாத்துத்தான் அந்தப் பேரை வச்சிருப்பாருன்னு எனக்குத் தோணுது.

நெல்வேலிக்காரி

அண்ணாச்சி, "எப்படி வளந்தாலும் ஒரே சாய்வு"ன்னு நீங்க சொன்னதை நான் பிள்ளைகள்கிட்ட அப்படியே சொல்லப் போறேன். ஒரு துண்டு கற்கண்டும் நூலோட கிடைச்சா கொண்டுபோவேன்.

இந்தக் குடும்பம் இன்னும் பெருகிக்கிட்டே இருக்கு. 2019-ல பார்கவ் பட், பீட்டர் ஷோல்சே ரெண்டு பேரும் 'பட்டகம்'னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, பிரிசம். ஒரே வெளிச்சம் பட்டகத்துல பல நிறமா பிரியிற மாதிரி, ஒரே கோட்பாட்டுலேருந்து எத்தாலும் படிகமும் தனித்தனியா பிரிஞ்சு வரும். படிகம்னு 1966-ல ஒருத்தர் வச்சதுக்கு அம்பது வருசம் கழிச்சு இன்னொருத்தர் அதே பரம்பரையில பேர் வைக்கிறாங்க.

குறுக்குத்துறை

நிஸ்நெவிச்சை நான் எடுத்துக்கிடுதேன், என் வேலையே அதுலதான்.

யெவ்சே நிஸ்நெவிச் தன்னோட இடவியலுக்குத் தன் பேரை வைக்கல. 1989-ல வந்த கட்டுரையில அவர் வச்ச பேர் 'முழுமையாகப் பிரிந்த இடவியல்'. எண் கோட்பாட்டுலேருந்து எடுத்த பேர் அது. 5-ஐ எடுங்க. 5 = 1 + 4, ரெண்டு வர்க்கங்களோட கூட்டல். அதனால −1-க்கு வர்க்கமூலம் உள்ள எண் உலகத்துக்குப் போனா 5 ரெண்டா உடைஞ்சிரும். ஒவ்வொரு துண்டுக்கும் கீழே பாத்தா 5 எண்ணுள்ள அதே பழைய உலகம்தான். 3-ஐ அப்படி எழுத முடியாது. அது உடையாம அப்படியே நிக்கும், ஆனா அதுக்குக் கீழே இருந்த 3 எண்ணுள்ள உலகம் 9 எண்ணுள்ளதா பெருத்துரும்.

எத்தால் இடவியலுக்கு 3, 5 ரெண்டும் சம்மதம். நிஸ்நெவிச்சுக்குச் சம்மதமில்ல: மேல் விரிப்புல ஒவ்வொரு புள்ளிக்கும் நேரா, அதே அளவு உலகத்தை வச்சிருக்கிற ஒரு புள்ளியாவது வேணும். 5-க்கு உண்டு, 3-க்கு இல்ல. அதனால சாரிஸ்கியைவிட நுணுக்கம், எத்தாலைவிடக் கட்டுப்பாடு. நடுவுல நிக்குற ஒண்ணு.

அப்புறம் மொரெல், வோயவோத்ஸ்கி ரெண்டு பேரும் 1999-ல தங்களோட பெரிய கட்டுமானத்தை இது மேலதான் எழுப்புனாங்க. அதுல எல்லாரும் நிஸ்நெவிச்னே சொல்லப் பழகிட்டாங்க. அவர் வச்ச பழைய பேர் சாகல. வோயவோத்ஸ்கியோட 'எச்' இடவியலோட இதைக் கலந்து செஞ்சதுக்கு 'சிடிஎச்'னு பேர், அதுல இருக்கிற 'சிடி' அந்தப் பழைய 'முழுமையாகப் பிரிந்த'தோட முதலெழுத்துதான். ஆளோட பேர் ஒரு பக்கம், அவர் வச்ச பேர் ரெண்டெழுத்தா சுருங்கி இன்னொரு பக்கம்.

எஃப்.பி.பி.எஃப்., எஃப்.பி.க்யூ.சி. ரெண்டும் பிரெஞ்சுச் சுருக்கம், அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. ரெண்டுலயும் முதல்ல வர்ற 'பி' 'பிளா', சமதளம். ஆங்கிலத்துல சுருக்கியிருந்தா அந்த இடத்துல 'எஃப்' வந்திருக்கும். முதல்ல வர்றது 'உண்மையான சமதளம்', அப்புறம் 'வரம்புள்ள விவரிப்பு' அல்லது 'ஏறக்குறையச் செறிந்த'. ஒண்ணு மட்டும் கவனிங்க: எஃப்.பி.க்யூ.சி.-யைப் பேர்ல இருக்கிறபடியே வரையறுத்தா சாரிஸ்கியோட சாதாரண விரிப்புகள்ல சிலது வெளியே போயிருது. அதனால வரையறையைப் பின்னாடி திருத்திக்கிட்டாங்க. பேரை யாரும் தொடல.

தென்பொருநை

அந்த 'பிளா', சமதளம், அதுவும் பிறந்த இடம் தெரிஞ்ச சொல்தான். 1956-ல ழான்-பியேர் சேர் என்ற பிரெஞ்சுக் கணிதர் எழுதின கட்டுரையிலதான் முதல்ல வருது. எத்தாலோட வரையறைக்குள்ள ஒளிஞ்சிருக்கிறதும் அதே சொல்.

சின்டோமிக்: கிரேக்கம். பேரி மேசர் வச்சது. 'சின்' என்றால் சேர்ந்து, 'தெம்னெய்ன்' என்றால் வெட்டு. பல சமன்பாடுகள் சேர்ந்து சரியாக வெட்டிக்கொள்கிற உருவத்துக்கு 'சேர்வெட்டு' என்று தமிழில் ஒட்டினால் அப்படியே பொருந்தும்.

கல்லிடை வாத்தியார்

இப்போது தமிழுக்கு வருவோம். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: மொழிபெயர்க்க முடிவதை எல்லாம் மொழிபெயர்க்க வேண்டும். 'எத்தால்' என்று எழுதினால் பேட்டைப் பிள்ளைக்கு என்ன தெரியும்? 'நிலைநீர் இடவியல்' என்று எழுதுங்கள்.

பிரெஞ்சுக்காரன் என்ன செய்தான் என்று பாருங்கள். வயலில் இருந்த சொல்லை எல்லாம் எடுத்துக் கணக்கில் நட்டுவிட்டான். ழான் லெரே இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரியாவில் கைதியாக இருந்தபோது செய்த வேலையில் முளைத்தது 'ஃபெசோ', கட்டு. தென்பொருநை 'கற்றை' என்றது இதைத்தான். ஆங்கிலத்தில் அதைக் கதிர்க்கட்டு ஆக்கினார்கள், அதன் ஒரு புள்ளியில் நிற்பதற்குத் தாள் என்று பேர் வைத்தார்கள். பிறகு 'ஜெர்ப்', அதுவும் அறுத்த கோதுமைக் கட்டு. 'ஷாங்', வயல். 'கிரீப்ல்', சல்லடை. பெரிய மணி விழுந்த கண் வழியே அதைவிடச் சின்ன மணியும் விழுமே, அந்த ஒரு குணம்தான் கணக்கில் சல்லடைக்கு வரையறை. நம்மிடம் இல்லாத சொல்லா? அரி, கத்தை, கட்டு, தாள், சுளகு, பொலி, படப்பு, எல்லாம் இருக்கிறது. கருதறுப்பு நடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்தைக் கடன் வாங்குவானேன்?

குறுக்குத்துறை

ஐயா, நீங்க சொல்லுறதுல முக்கால்வாசிக்கு நான் சம்மதம். ஒரு இடத்துல இடிக்குது. 'ஷாங்'னா வயல், களம். ஆனா நம்ம பாடநூல்ல 'களம்'ங்கிற சொல்லை ஏற்கெனவே இன்னொண்ணுக்குக் குடுத்தாச்சு. கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் நடக்கிற எண் அமைப்புக்குக் களம்னு பேர். அது ஆங்கிலத்தைப் பார்த்து வச்சது. பிரெஞ்சுல அதுக்கு 'உடல்'னு பேர், ஜெர்மன்லயும் உடல்தான். அப்போ பிரெஞ்சு வயலுக்கு நாம எதை வைக்கிறது? ஆங்கிலக்காரங்களுக்கும் இதே சிக்கல் வந்துச்சு. 1969-ல டெலீன்யும் மம்ஃபோர்டும் 'வயல்'னு எழுத முடியாம 'ஸ்டாக்'னு, அதாவது அடுக்குன்னு எழுதுனாங்க.

கல்லிடை வாத்தியார்

அப்படியானால் படப்பு! வைக்கோலை அடுக்கி ஏற்றினால் நமக்குப் படப்பு. கட்டுகளை அடுக்கினால் வருவது அது.

குறுக்குத்துறை

படப்பு. ஐயா, இது நல்லாருக்கு. நான் என் குறிப்பேட்டுல எழுதிக்கிட்டேன்.

தென்பொருநை

வாத்தியார் ஐயா, எத்தால் விசயத்தில் மட்டும் நான் மறுக்கிறேன். 'நிலைநீர்' என்றால் குளத்துத் தண்ணி, கிணத்துத் தண்ணி. அது எப்பவும் நிக்கும். எத்தால் என்பது ஓடுகிற தண்ணி ஒரு நொடி நிற்பது. உவரிக்காரர் சொன்ன கயிறு தொய்வு அதில் வராது. தவிர, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன் மூன்றிலும் அதை மொழிபெயர்க்காமல் அப்படியேதான் எடுத்துக்கொண்டார்கள். பேரை வைத்துக்கொண்டு கதையைத் தமிழில் சொல்லலாம்.

பிரெஞ்சு நமக்கு அந்நியமும் இல்லை. சென்னை லயோலாவில் சார்ல் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரிடம் படித்தவர்தான் சி. எஸ். சேஷாத்ரி. 1957 முதல் 1960 வரை சேஷாத்ரி பாரிஸில் இருந்தார். க்ரோதண்டிக் இதையெல்லாம் யோசிக்கத் தொடங்கிய அதே ஆண்டுகள், அதே ஊர். ஒரு தமிழர் அந்தச் சொற்கள் பிறக்கும்போது பக்கத்தில் இருந்திருக்கிறார்.

கல்லிடை வாத்தியார்

சேஷாத்ரியைச் சொன்னீர்கள். நம் மண்ணின் ஆளையும் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் 1901-ல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை. எந்த எண்ணையும் இத்தனை அடுக்கெண்களின் கூட்டலாக எழுதலாம் என்ற வாரிங் கணக்கில் உலகமே திரும்பிப் பார்க்கும் வேலை செய்தவர். 1950-ல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவுக்குப் பக்கத்தில் விமானம் விழுந்து போய்ச் சேர்ந்தார், நாற்பத்தொன்பது வயது. இன்றைக்கும் 'பிள்ளை பகா எண்' என்று ஒரு வகை எண்ணுக்குப் பேர் இருக்கிறது. அந்தப் பேரை எந்த நாட்டுக்காரனும் மொழிபெயர்ப்பதில்லை. ஆள் பேரை அப்படியே விடுகிறார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எத்தால் ஆள் பேர் இல்லையே. என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. நிலைநீர் குளத்துக்குப் போய்விடும் என்று நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்கிறேன். வேறு சொல் தேடுவேன்.

நெல்வேலிக்காரி

எல்லாருக்கும் சேத்து ஒரு விசயம் சொல்லணும். நேத்து அப்பாகிட்ட போன்ல பேசினேன். எத்தாலுக்கு அர்த்தம் கிடைச்சிட்டுப்பான்னு சொன்னேன். கடல் ஏற்றமும் இல்லாம வற்றமும் இல்லாம நிக்கிற நேரம், உவரியில 'தண்ணி நிக்கு'ம்பாங்களாம்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க, "நம்ம வயல்லயும் நிக்குமே. எப்ப நிக்கும்?" எனக்குத் தெரியலப்பான்னேன். "பரம்பு ஒழுங்கா அடிச்சிருந்தா நிக்கும். மேடு பள்ளம் இருந்தா தண்ணி பள்ளத்தைத் தேடி ஓடிட்டே இருக்கும். எல்லாம் ஒரே மட்டமா இருந்தா மடையைத் திறந்து விட்டுட்டு வந்து பாரு, சத்தமே இல்லாம பரவி அப்படியே நிக்கும். ஆகாசம் உள்ளே தெரியும்."

எத்தாலுக்கு முதல் நிபந்தனை சமதளம்னு நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல. போனை வச்சிட்டு நோட்டை எடுத்து, வரையறைக்குப் பக்கத்துல 'பரம்பு'ன்னு எழுதி வச்சேன்.

உவரிக்காரன்

தங்கச்சி, வர்ற அட்டமிக்கு ஐயாவோட வள்ளத்துல போறேன். தண்ணி நிக்கும்போது மிதப்பு கிடக்கிற விதத்தையும் ஐயா கை வச்சுப் பாக்கிறதையும் செல்போன்ல எடுத்து அனுப்புதேன். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்க.

தேரிக்காடு

கற்கண்டு நூலோட ஒரு துண்டு எடுத்து வச்சாச்சு. திருநெல்வேலி வரும்போது கொண்டுவந்து தாரேன்.

கல்லிடை வாத்தியார்

அம்மா, அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுக்கும்போது ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். அச்சகத்தில் 'எட்டால்' என்று டகரம் போட்டுவிடுவார்கள்.

நெல்வேலிக்காரி

காலையில மெய்ப்புத் திருத்திக் குடுத்துட்டேன் ஐயா. அவங்க டகரம்தான் போட்டிருந்தாங்க. தகரமா மாத்திட்டேன்.